கார் சாவி ஏன் திரும்ப மறுக்கிறது? ஒரு சின்ன வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து படியுங்கள். அவசரம் இருப்பவர்கள் நடுவில் "செய்ய வேண்டியவை" என்று போட்டிருக்கும் பகுதியை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள். கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் என்றைக்காவது ஒரு நாள் உதவும்.

"வரலாறு எடுத்த வாத்தியாருக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. ஆனால் தண்டலத்தில் இத்தனை வருஷம் பாடம் எடுத்தவன் காரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருக்க முடியாது. என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவன் இன்று இருங்காட்டுக்கோட்டையில் கார்க் கதவு மாட்டுகிறான். முதல் பெஞ்சில் இருந்தவள் ஒரகடத்தில் தரப் பரிசோதனையில் இருக்கிறாள். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் பந்தியில் பக்கத்து இலையில் உட்காருபவர் ஷிப்டைப் பற்றியும் லைனைப் பற்றியும்தான் பேசுகிறார். கேட்டுக் கேட்டு நானும் பாதி மெக்கானிக் ஆகிவிட்டேன்.

இந்தப் பதிவுக்குக் காரணம், போன மார்கழியில் ஒரு பழைய மாணவர் சொன்ன விஷயம். அவருடைய அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். முந்தின இரவு இடம் நெருக்கமாக இருந்ததால், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, சக்கரம் சுவரோரக் கல்லில் முட்டுகிற மாதிரி வண்டியை நிறுத்தியிருக்கிறார். காலையில் சாவியைப் போட்டால் திரும்பவில்லை. அப்பா பின் சீட்டில். அம்மா வாசலில். பதற்றத்தில் கட்டிங் பிளேயரால் சாவியைப் பிடித்துத் திருகியிருக்கிறார். சாவி பாதியில் முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. பிறகு ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் தாமதம்.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு ஒரே வரியில் சொன்னாராம்: "ஸ்டீயரிங்கை லேசா ஆட்டியிருந்தீங்கன்னா திரும்பியிருக்கும் சார்."

மாணவர் என்னிடம் கேட்டது இதுதான்: "ஏன் சார் இப்படி ஒரு பூட்டு வைக்கிறாங்க? அவசரத்துக்கு உதவாத பூட்டு எதுக்கு சார்?"

அது மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. அது வரலாற்றுக் கேள்வி. அதனால் பதில் சொல்லும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

ஆரம்பத்தில் காருக்குச் சாவியே கிடையாது. 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காரிலேயே போனார். வண்டியின் பின்பக்கம் படுக்கை வசமாக இருந்த பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் இன்ஜினைக் கிளப்ப வேண்டும். வழியில் பெட்ரோல் போகும் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார் என்பார்கள். உலகத்தின் முதல் ரோட்டோர மெக்கானிக் ஓர் அம்மா என்பதைப் பெண் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மூரிலும் அப்படித்தான். 1903இல் மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் ஒரு நீராவிக் கார் செய்தார். அதற்குச் சாவி எதற்கு? முதலில் தண்ணீர் கொதிக்க வேண்டும். திருடன் வந்தாலும் கொதிக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்!

பெட்ரோல் கார்கள் பெருகியதும் ஹேண்டில் வந்தது. வண்டியின் மூக்கில் ஓர் ஓட்டை. அதில் இரும்புக் கம்பியைச் செருகி ஒருவர் வேகமாகச் சுற்றுவார். வயதானவர்கள் லாரிகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். டிரைவர் மேலே உட்கார்ந்திருப்பார், கிளீனர் பையன் கீழே நின்று ஹேண்டில் போடுவான். அதில் ஒரு பழக்கம் உண்டு. கட்டைவிரலைக் கம்பியைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது, மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும். ஏனென்றால், தீப்பொறி கொஞ்சம் முந்தி விழுந்தால் இன்ஜின் எதிர்ப்பக்கமாக உதைக்கும். ஹேண்டில் திருப்பி அடிக்கும். கட்டைவிரல் முறியும், மணிக்கட்டு முறியும், சில சமயம் தாடையும்.

இந்த ஆபத்தை ஒழித்தவர் சார்லஸ் கெட்டரிங். பணப்பெட்டி இயந்திரம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். பெட்டி திறக்கும் அந்த ஒரு நொடிக்கு மட்டும் பலமாகச் சுற்றும் சின்ன மோட்டாரை அங்கே உருவாக்கினார். அதே யோசனையைக் காருக்குக் கொண்டுவந்தார். ஒரு மோட்டார் நாள் முழுக்க இன்ஜினைச் சுற்ற வேண்டியதில்லை, சில நொடி சுற்றினால் போதும். 1912 மாடல் காடிலாக் காரில் அது வந்தது. காடிலாக் தலைவர் ஹென்றி லேலண்டின் நண்பர் ஒருவர் ஹேண்டில் அடித்து இறந்துபோனதால்தான் லேலண்ட் இதைக் கேட்டு வாங்கினார் என்று ஒரு கதை உண்டு. அதைக் கதையாகவே சொல்கிறேன், தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

ஆனால் ஒன்று நிச்சயம். அந்த இயந்திரத்துக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் 'செல்ஃப் ஸ்டார்ட்டர்', ஆள் வேண்டாம், தானே கிளம்பும் என்று பொருள். நூறு வருஷம் தாண்டியும் நம் மெக்கானிக்குகள் "செல்ஃப் எடுக்கலை", "செல்ஃப் அடிச்சுப் பாரு" என்கிறார்களே, அந்தச் சொல் இங்கிருந்து வந்ததுதான். 1961இல் பாடியில் லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி தொடங்கி, இந்த ஸ்டார்ட்டர் மோட்டார்களை நம் பக்கத்திலேயே செய்ய ஆரம்பித்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் தினமும் ரயிலேறிப் போய் வேலை பார்த்த இடம்.

இங்கேதான் கதை திரும்புகிறது. ஹேண்டில் சுற்றப் பலம் வேண்டும், பழக்கம் வேண்டும். செல்ஃப் வந்த பிறகு யார் வேண்டுமானாலும் வண்டியைக் கிளப்பலாம் என்று ஆகிவிட்டது. பெண்களும் முதியவர்களும் தாங்களே ஓட்ட முடிந்தது. நல்ல விஷயம். கூடவே, திருடனுக்கும் வேலை சுலபமாகிவிட்டது. வீட்டுக்காரனுக்கு எது வசதியோ அது திருடனுக்கும் வசதி. காரின் பூட்டு வரலாறு முழுக்க இந்த ஒரு வரிதான்.

அடுத்த கட்டம் சாவி. ஆனால் அந்தக் காலத்துச் சாவி மின்சாரத்தைத் திறந்து மூடும், அவ்வளவுதான். செல்ஃபுக்குத் தனியாக ஒரு பொத்தானோ குமிழோ இருக்கும். மோரிஸ் மைனர் வைத்திருந்தவர்களைக் கேளுங்கள். சாவியைத் திருப்பிவிட்டு, டேஷ்போர்டில் இருக்கும் குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். சாவியைத் திருப்பினாலே செல்ஃப் அடிக்கும் முறையை 1949இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கார்கள் கொண்டுவந்தன. இன்று நமக்குப் பழகிப்போன அந்த ஒரே திருப்பு அப்போது வந்ததுதான்.

அதிலும் ஒரு குறை. சாவி செய்வதெல்லாம் இரண்டு மூன்று ஒயர்களைச் சேர்ப்பதுதான். டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு அந்த ஒயர்களை நேராகச் சேர்த்துவிட்டால் சாவியே வேண்டாம். பழைய சினிமாக்களில் கதாநாயகன் செய்வானே, அதேதான்.

இதற்கு வந்த பதில்தான் நம் மாணவரைக் கோபப்படுத்திய ஸ்டீயரிங் பூட்டு. ஒயரைச் சேர்த்து இன்ஜினைக் கிளப்பினாலும் வண்டியைத் திருப்ப முடியாதபடி செய்துவிட்டால்? சாவியை வெளியே எடுத்ததும், உள்ளே ஒரு தடித்த இரும்பு முளை ஸ்பிரிங்கின் விசையால் நீட்டிக்கொண்டு, ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நைமன் என்பவர் பெயரில் வந்த இந்தப் பூட்டு ஐரோப்பாவில் பரவி, பிரான்ஸில் இன்றும் கார்ச் சாவிப் பூட்டுக்கே 'நைமன்' என்றுதான் பெயர். நாம் நகலெடுப்பதை ஜெராக்ஸ் என்கிறோமே, அந்த மாதிரி.

பிறகு அரசாங்கங்கள் உள்ளே வந்தன. மேற்கு ஜெர்மனி 1963இல் பழைய கார், புதிய கார் எல்லாவற்றுக்கும் ஸ்டீயரிங் பூட்டு கட்டாயம் என்றது. கார்த் திருட்டு சட்டென்று குறைந்தது, குறைந்தபடியே நின்றது. பிரிட்டன் 1971இல் கொண்டுவந்தது, ஆனால் புதிய கார்களுக்கு மட்டும். என்ன நடந்தது தெரியுமா? திருடர்கள் புதிய கார்களை விட்டுவிட்டுப் பூட்டில்லாத பழைய கார்களுக்குப் போய்விட்டார்கள். மொத்தத் திருட்டு பெரிதாகக் குறையவில்லை. தெருவில் ஒரு வீட்டுக்கு மட்டும் நாய் வளர்த்தால் திருடன் பக்கத்து வீட்டுக்குப் போவான். தெரு முழுக்க வளர்த்தால்தான் தெருவை விட்டுப் போவான். குற்றவியல் படிப்பவர்கள் இந்த இரண்டு நாடுகளின் ஒப்பீட்டை இன்றும் படிக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1970 ஜனவரி 1 முதல் புதிய கார்களுக்கு இது விதியானது. அங்கே இதைத் திருட்டுச் சட்டமாகப் பார்க்கவில்லை, சாலைப் பாதுகாப்பு விதியாகவே சேர்த்தார்கள். திருடிய காரை ஓட்டுபவன் பதறி ஓட்டுவான், மோதுவான், வழியில் போகிறவர்கள் சாவார்கள் என்பது காரணம். ஆக, உங்கள் சாவி திரும்ப மறுக்கும்போது எதிரே நிற்பது, யாரோ முகம் தெரியாதவர்களின் உயிரைக் கணக்குப் போட்டு வைத்த ஒரு காவல்காரன்.

நம் பக்கத்துக்கு வருவோம். தண்டலத்தைச் சுற்றி ஒரு காலத்தில் ஏரிப் பாசனமும் நெல்லும்தான். மோட்டார் என்றால் பெங்களூர் ரோட்டில் போகும் லாரியும் பஸ்ஸும். கார் என்றால் அம்பாசடர், பத்மினி, வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் பந்தயத் தடம் திறந்தார்கள். கார் தொழிற்சாலை வருவதற்கு முன்பே கார்ப் பந்தயம் வந்த ஊர் நம்முடையது! 1996இல் ஹூண்டாய் வந்தது, 1998இல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான். அதற்கப்புறம் டெய்ம்லர் லாரிகள், ராயல் என்ஃபீல்டு பைக்குகள். ஒரு தலைமுறைக்குள், ஏர்க் கலப்பையைத் தெரிந்த குடும்பங்களில் ஆளுக்கொரு சாவி வந்துவிட்டது. சாவி வந்த வேகத்துக்கு அதன் குணம் நமக்குத் தெரிய நேரம் கிடைக்கவில்லை. அதற்காகத்தான் அடுத்த பகுதி.

செய்ய வேண்டியவை

முதலில் பூட்டுக்குள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். திண்டுக்கல் பூட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். அதில் நெம்புத் தகடுகள் இருக்கும். சரியான சாவி எல்லாத் தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். கார்ப் பூட்டில் சின்னச் சின்ன வில்லைத் தகடுகள் இருக்கின்றன. சாவியின் மேடுபள்ளம் அவற்றை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் உருளை சுழலும். ஆகவே சாவி திரும்பாததற்கு இரண்டு பெரிய காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, ஸ்டீயரிங் முளை நெருக்குண்டு கிடக்கிறது. இன்னொன்று, தகடுகள் மட்டத்துக்கு வரவில்லை.

1. கையைத் தளர்த்துங்கள். கட்டிங் பிளேயர், ஸ்குரூ டிரைவர் எதுவும் வேண்டாம். சாவி உங்கள் விரல் பலத்துக்குச் செய்யப்பட்டது.

2. ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அசையவே அசையாது, இன்னொரு பக்கம் இம்மியளவு கொடுக்கும். கொடுக்கும் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டே, மற்றக் கையால் சாவியை மெதுவாகத் திருப்புங்கள். சக்கரம் கல்லில் முட்டியிருந்தால் அந்தப் பாரம் தண்டு வழியாக வந்து முளையைப் பக்கவாட்டில் நெருக்கும். நீங்கள் இழுக்கும்போது அந்த நெருக்கம் விடும், முளை பின்வாங்கும். பத்தில் எட்டு முறை இதுவே போதும் என்று என் மெக்கானிக் மாணவர்கள் சொல்கிறார்கள்.

3. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியர் 'பார்க்'கில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். 'பார்க்'கிலோ நியூட்ரலிலோ இல்லையென்றால் செல்ஃப் அடிக்காது. வண்டியை நிறுத்தும்போது பல வண்டிகளில் சாவி வெளியேயும் வராது.

4. சாவியைப் பாருங்கள். அதே வண்டிச் சாவிதானா? சிரிக்காதீர்கள், ஒரே வீட்டில் இரண்டு கார் இருந்தால் நடக்கும். வளைந்திருக்கிறதா? பல் மழுங்கியிருக்கிறதா? ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள். அது சுலபமாகத் திரும்பினால், தேய்ந்தது சாவிதான், பூட்டு இல்லை. அப்போது தேய்ந்த சாவியைக் கொடுத்து நகல் எடுக்காதீர்கள், தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். வண்டி வாங்கும்போது சாவியோடு ஒரு சின்னத் தகட்டில் எண் போட்டுக் கொடுத்திருந்தால், அந்த எண்ணை வைத்துப் புதிதாக வெட்டச் சொல்லுங்கள்.

5. பூட்டில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். பாட்டி காலத்து வழக்கம், வீட்டுக் கதவுக்குச் சரி. நம் ரோட்டில் லாரி கிளப்பும் புழுதி அந்த எண்ணெயில் ஒட்டிக் களிம்பாகிவிடும், தகடுகள் அசையாது. கிராஃபைட் தூள் மாதிரி உலர்ந்த மசகு கடைகளில் கிடைக்கிறது. சிறிதளவு போட்டு, சாவியைப் பத்து முறை செருகி எடுங்கள்.

6. ஸ்டீயரிங்கில் நெருக்கம் இல்லை, ஸ்பேர் சாவியும் திரும்பவில்லை என்றால் உருளையே தேய்ந்திருக்கிறது. ஆளைக் கூப்பிடுங்கள். அவசரம் என்றால் அந்த நேரத்தில் வேறு வண்டி பிடியுங்கள். பூட்டோடு சண்டை போடுகிற நேரம் அது இல்லை.

இன்னொரு பழக்கம்: சமதரையில் நிறுத்தும்போது சக்கரத்தை நேராக்கிவிட்டுச் சாவியை எடுங்கள். சரிவில் சக்கரத்தைக் கல் பக்கம் ஒடித்து நிறுத்துவது பாதுகாப்புக்கு நல்லது, அதை விட வேண்டாம். ஆனால் கிளம்பும்போது ஸ்டீயரிங்கை ஆட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இது வரை திரும்பாத சாவி. இனி, தானாகத் திரும்பிய சாவியின் கதை. இந்தப் பதிவிலேயே முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன்.

2014இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் செவர்லே கோபால்ட் உள்ளிட்ட சுமார் 26 லட்சம் சின்னக் கார்களைத் திரும்ப அழைத்தது. குறை எங்கே? சாவி ஸ்விட்சில். சாவி 'ஆன்' நிலையில் நிற்பதற்கு உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங்கும் முளையும் பிடித்துக்கொள்ளும். திருப்பும்போது 'டக்' என்று உணர்வீர்களே, அதுதான். அந்தப் பிடிப்பு வேண்டிய அளவைவிடப் பலவீனமாக இருந்தது. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, முழங்கால் பட்டாலோ, பள்ளத்தில் குலுங்கினாலோ, ஓடும்போதே சாவி பின்னுக்கு நழுவிவிடும். இன்ஜின் நிற்கும். ஸ்டீயரிங் இறுகும். பிரேக்கின் உதவி விசை போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, மோதும் அந்த நேரத்தில் காற்றுப்பை விரியாது. பழுதான பாகத்தின் விலை ஒரு டாலர்கூடக் கிடையாது. நிறுவனத்துக்குள்ளேயே சில பொறியாளர்களுக்குப் பல ஆண்டுகள் முன்பே இது தெரிந்திருந்தது. 2006 வாக்கில் அந்த ஸ்விட்சைச் சத்தமில்லாமல் பலப்படுத்தினார்கள், ஆனால் பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. அதனால் பின்னால் விபத்துகளை ஆராய்ந்தவர்களுக்குப் பழையது எது, புதியது எது என்று பிடிபடவே நாளானது. இழப்பீட்டு நிதி கடைசியில் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. 2015இல் அமெரிக்க அரசோடு 90 கோடி டாலருக்கு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் மாணவர்களே, அந்தப் பாக எண் விஷயத்தை இன்னொரு முறை படியுங்கள். ஒரு பொருளை மாற்றினால் மாற்றினேன் என்று எழுதி வை. இவ்வளவுதான் பாடம். "எதற்கு சார் இத்தனை பேப்பர், இத்தனை கையெழுத்து?" என்று அலுத்துக்கொள்கிறீர்களே, அந்தக் கையெழுத்து ஒன்று இல்லாமல் போனதால் உண்மை வெளியே வருவது வருஷக்கணக்கில் தள்ளிப்போனது.

வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. கார்ச் சாவியோடு வீட்டுச் சாவி, பீரோ சாவி, கடைச் சாவி, பித்தளைப் பிள்ளையார் எல்லாம் சேர்த்து மணிக்கொத்து மாதிரி தொங்கவிடாதீர்கள். கார் திரும்ப அழைக்கப்பட்டபோது, பழுது சரியாகும்வரை சாவியைத் தனியாகப் போட்டு ஓட்டுங்கள் என்றுதான் அந்த நிறுவனமே சொன்னது. உங்கள் வண்டியில் அந்தக் குறை இல்லாமல் இருக்கலாம், ஆனால் கனமான கொத்து எந்தப் பூட்டையும் தேய்க்கும். பிள்ளையாரை டேஷ்போர்டில் உட்கார வையுங்கள், அங்கிருந்தே பார்த்துக்கொள்வார்.

இதோடு சேர்த்து ஒன்று. ஏற்காடு, ஏலகிரி இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரல் போட்டு இன்ஜினை நிறுத்திவிட்டு வரும் பழக்கம் நம்மவர்களில் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக் கல்லாகிவிடும். கை தவறிச் சாவி வெளியே வந்தால், திருடனுக்காக வைத்த முளை உங்கள் ஸ்டீயரிங்கைப் பூட்டிவிடும், அதுவும் கொண்டை ஊசி வளைவில். காவல்காரனுக்கு வீட்டுக்காரன் யார், திருடன் யார் என்று தெரியாது. சாவி உள்ளே இருக்கிறதா என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

கடைசிக் காவல்காரன் கண்ணுக்குத் தெரியாதவன். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சில்லு. பூட்டைச் சுற்றி இருக்கும் வளையம் அதை விசாரிக்கும். பதில் சரியில்லையென்றால் இன்ஜின் ஓடாது. இதற்கு இம்மொபிலைசர் என்று பெயர். ஐரோப்பாவில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயம், கனடாவில் 2007 முதல். அமெரிக்கா கட்டாயமாக்கவில்லை. அதன் விளைவைச் சமீபத்தில் பார்த்தோம். அங்கே விற்ற பல ஹூண்டாய், கியா கார்களில் இந்தச் சில்லு இல்லை. அவை நம் இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டிகள் அல்ல. அவற்றைத் திருடுவது எப்படி என்று சிறுவர்கள் வீடியோ போட, அது காட்டுத்தீ போலப் பரவியது. 2023 பிப்ரவரியில் 83 லட்சம் கார்களுக்கு மென்பொருள் திருத்தம் அறிவித்தார்கள். அதற்குள் 14 விபத்துகளும் 8 மரணங்களும் நடந்ததாக அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு சொன்னது. பிரிட்டனில் 1971இல் நடந்த அதே கதைதான், பூட்டு இல்லாத வண்டியைத் தேடித் திருடன் போனான்.

ஆகவே, சாவி திரும்புகிறது ஆனால் வண்டி எடுக்கவில்லை என்றால், டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னுகிறதா பாருங்கள். மின்னினால் சில்லுதான் பிரச்சினை. ரோட்டோரக் கடையில் இரும்பை மட்டும் வெட்டிய நகல் சாவி கதவைத் திறக்கும், இன்ஜினைக் கிளப்பாது. பொத்தான் ஸ்டார்ட் வண்டிகளில் சாவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கலாம். பல வண்டிகளில் அந்தச் சாவியைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் எடுத்துவிடும். எங்கே பிடிக்க வேண்டும் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். உறை பிரிக்காமல் வைத்திருக்கிறீர்களே, அதே புத்தகம்.

சாவி நன்றாகத் திரும்பினாலும் திருப்பக் கூடாத நேரம் ஒன்று உண்டு. செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு 2015 டிசம்பரை மறக்க முடியாது. வெள்ளம் வடிந்த மறுநாள், தண்ணீரில் நின்ற காரில் ஏறிச் சாவியைத் திருப்பிப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் உள்ளே இருக்கும் தண்டு வளையும், இன்ஜினே போகும். துடைத்துக் காயவைத்தால் பிழைக்கக்கூடிய வண்டி அந்த ஒரு திருப்பில் செத்துப்போகும். தண்ணீர் ஏறிய வண்டியைத் தொடாதீர்கள், இழுத்துக்கொண்டு போய்த்தான் பார்க்க வேண்டும்.

இப்போது என் மாணவரின் கேள்விக்குப் பதில். "அவசரத்துக்கு உதவாத பூட்டு எதற்கு?" திருடனுக்கு எப்போதும் அவசரம், தம்பி. அவசரப்படுகிறவனை நிறுத்துவதற்கென்றே செய்த பூட்டு அது. பொறுமையாக இரண்டு பக்கமும் அசைத்துப் பார்ப்பவனுக்குத் திறக்கும். அவசரம் நமக்கே வரும்போது அந்தப் பொறுமை எங்கிருந்து வரும் என்றால், முன்பே ஒரு முறை செய்து பார்த்த கைக்குத்தான் வரும். அதனால் வீட்டில் நோயாளி இருப்பவர்கள், கர்ப்பிணிகள் இருப்பவர்கள் ஒரு சாயங்காலம் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, ஸ்டீயரிங்கைத் திருப்பி 'டக்' என்று பூட்டிக்கொள்ள விடுங்கள். பிறகு திறந்து பழகுங்கள். நீங்கள் மட்டும் பழகினால் போதாது, மனைவி, கணவர், வண்டி ஓட்டும் பிள்ளைகள் எல்லோரும் பழக வேண்டும். பீரோவில் தூங்கும் ஸ்பேர் சாவியையும் எடுத்து, அது உண்மையாகவே வண்டியைக் கிளப்புகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் வண்டி வாங்கிய நாளுக்குப் பிறகு அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

மெக்கானிக் வேலையில் இருக்கும் மாணவர்கள் நான் விட்டது ஏதாவது இருந்தால் எழுதுங்கள், மற்றவர்களுக்குப் பயன்படும். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் தூக்கத்தோடு ஓட்டாதீர்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
தண்டலம்